கோவாப் புழுவும் காப்புக் கயிறும்

செல்லசாமியின் கோவாப் பாத்தியில் ஒரு புழுகூட இல்லை என்பது அந்த மாசியில் மேல் லயத்துக்கே பெரிய பேச்சாக இருந்தது. பூண்டுலோயாத் தேயிலைத் தோட்டப் பக்கத்தில் கோவா, அதாவது முட்டைக்கோஸ், போட்டவர்களெல்லாம் சல்லடையாகிப் போன இலையைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்கள். செல்லசாமியின் கோவாக்கள் மட்டும் இலை பிரியாமல் இறுகி உருண்டுகொண்டிருந்தன. பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகிற பெண்கள் நின்று பார்த்து மெச்சிவிட்டுப் போனார்கள். மெச்ச மெச்ச அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் புழுவெல்லாம் எங்கே போயின என்று அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

தோட்டத்து ஆட்களின் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் சரிவில் ஆளுக்கு நாலைந்து பாத்தி உண்டு. தோட்டத்து நிலம், துரை மனசு வைத்துக் கொடுத்தது. கொடுக்கும்போதே இரண்டு கட்டளையும் சேர்த்துக் கொடுத்திருந்தார். பாத்திகளுக்குக் கீழே குடிதண்ணீர்ப் பீலி இருப்பதால் மருந்து அடிக்கக் கூடாது. புழு விழவும் விடக் கூடாது. புழு விழுந்த பாத்தியைக் கொத்திப் போட்டு வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். போன வருஷம் தேயிலையில் இலைசுருட்டிப் புழு விழுந்ததிலிருந்து துரைக்குப் புழு என்றாலே ஆகாது. கோவாப் புழுவுக்கும் தேயிலைக்கும் சம்பந்தமில்லை என்று அவரிடம் போய்ச் சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

மருந்தும் அடிக்காதே, புழுவையும் விடாதே என்றால் மிச்சம் இருப்பது பத்து விரல்தான். செல்லசாமிக்கு அதில் கைராசி என்பார்கள். விடிந்தும் விடியாத பனியில் இலை இலையாகப் புரட்டுவான். அடியில் மஞ்சளாக ஒட்டியிருக்கும் முட்டைகளைக் கட்டைவிரலால் ஒரே தேய். குருத்துக்குள் சுருண்டு கிடக்கும் பச்சைப் புழுவை இழுத்து ஒரே நசுக்கு. பாத்தி ஓரமெல்லாம் கடுகு விதைத்திருந்தான். வருகிற பூச்சியில் பாதி கடுகிலேயே உட்கார்ந்துவிடும். அந்தக் கடுகைப் பிடுங்கி அடுப்பில் வைத்துவிட்டால் தீர்ந்தது. அப்புறம் தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு, பேர் பதிகிற பெரட்டுக்குப் போய்விடுவான். பகலெல்லாம் தேயிலையை வெட்டுகிறவனுக்கு விடிகாலையில் கோவாவை வளர்ப்பது ஒரு சந்தோஷம்.

அந்த மாசியில் அவன் கையில் மஞ்சள் காப்பு ஏறியது. தோட்டத்தில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றி, ரதி வேஷத்துக்குச் செல்லசாமியைப் பிடித்தார்கள். பிடித்தார்கள் என்ன, அவனே போய்க் கேட்டு வாங்கிக்கொண்டான். மனைவி லெட்சுமி பிள்ளைப்பேற்றுக்காக டயகமவில் தாய்வீட்டில் இருந்தாள். முதல் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது. இரண்டாவதாவது நிலைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் ரதி விரதம் எடுத்தான்.

காப்புக் கட்டும்போது கூத்து வாத்தியார் விதிகளைச் சொன்னார். கவுச்சி தொடக் கூடாது. பாயில் படுக்கக் கூடாது. பொய் சொல்லக் கூடாது. காப்பு அவிழ்க்கிற வரைக்கும் ஓர் உயிரையும் கொல்லக் கூடாது.

"புழு பூச்சி கூடவாங்க?" என்று செல்லசாமி கேட்டான்.

"அது உயிரில்லியா?"

"கோழிய அவுத்து விட்டா? அது தானா கொத்தித் திங்குமில்லீங்களா?"

வாத்தியார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ரதிக்கு வேற ஆளப் பாக்கவா?" என்றார். அவன் வாயை மூடிக்கொண்டான்.

மறுநாளிலிருந்து நசுக்குவது நின்றது. பழைய பால்டின் ஒன்று வீட்டில் இருந்தது. லெட்சுமி அதற்குத் தன் சிவப்புச் சேலைக் கரையைக் கிழித்துப் பிடி கட்டியிருந்தாள். செல்லசாமி புழுக்களைப் பொறுக்கி அதில் போட்டான். முட்டையை இலையோடு கிள்ளிப் போட்டான். தேயிலை மலையைத் தாண்டிப் போனால் ஆற்றோரம் ஒரு புதர்க்காடு. அங்கே கொண்டு போய்க் கொட்டி, "பொழச்சுப் போங்க" என்று சொல்லிவிட்டு வந்தான். விரதமும் கெடவில்லை, கோவாவும் கெடவில்லை. தன் சாமர்த்தியத்தை நினைத்து அவனுக்கே சிரிப்பாக இருந்தது.

அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஒரு காலை வெள்ளைப் பனி விழுந்து புல்லெல்லாம் மொறுமொறுவென்று கிடந்தது. விரல் மரத்துப் போயிற்று. பெரட்டுக்குக் கூப்பிட்டுத் தப்புப் பறை அடித்துவிட்டார்கள். ஆற்றோரம் போய்த் திரும்பினால் அன்றைக்குப் பேர் விழாது, கூலியும் கிடையாது. செல்லசாமி டின்னைக் கையில் வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் பார்த்தான். அவன் பாத்திக்குக் கீழே தண்ணீர் ஓடும் ஒரு கான், கானுக்கு அந்தப் பக்கம் புல் வரப்பு, அதற்கு அப்பால் அம்மாக்கண்ணுவின் பாத்தி. 'புல்லில்தானே போடுகிறேன்' என்று சொல்லிக்கொண்டு டின்னை அந்தப் பக்கம் கவிழ்த்தான்.

புழு புல்லைத் தின்னாது என்பது அவனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அடுத்த நாளும் அங்கேயே கவிழ்த்தான். ஆற்றோரத்துக்குப் போகிற வழியைக் கால் மறந்துவிட்டது.

அம்மாக்கண்ணு புருஷனை இழந்தவள். மலையில் சறுக்கி விழுந்து இடுப்பு போனதில் தோட்டத்து வேலையிலிருந்து பேர் வெட்டிவிட்டார்கள். மகள் பேச்சியம்மாவின் ஒற்றை அறைக் காம்பராவில், மருமகன் நிழலில் இருந்தாள். மருமகன் ஒன்றும் கெட்டவனில்லை. ஆனால் சோறு போடும்போது அவள் தட்டை அவன் பார்க்கிற பார்வை அவளுக்குப் பிடிக்காது. அந்த நாலு பாத்திதான் அவளுக்கு மானம். வாரம் தவறாமல் ஒரு கோவாவோ ஒரு கட்டு லீக்ஸோ கொண்டு வந்து அடுப்படியில் வைத்துவிட்டு, அப்புறம்தான் சாப்பிட உட்காருவாள்.

இதெல்லாம் லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. செல்லசாமிக்கும் தெரியும்.

ஒரு நாள் மாலை அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கானைத் தாண்டி வந்தாள்.

"தம்பி, ஒம் பாத்தியில ஒரு புழுவக் காணோம். எனக்குப் பொறுக்கி மாளல. காலையில எடுத்தா மறுநா காலையில அம்புட்டும் திரும்பி நிக்குது. நீ என்னாதான் பண்ற?"

நாக்கு நுனியில் உண்மை நின்றது. அதை விழுங்கிவிட்டு, "சாம்பல் தூவுறேங்க்கா. பனி ஈரத்துல தூவுனா இலையில ஒட்டிக்கும். புழு ஏறாது" என்றான்.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தாங்க்கா."

சாம்பல் பொய் வைத்தியம் இல்லை, எல்லோரும் தூவுகிறதுதான். ஆனால் தினமும் டின் கணக்கில் வந்து கொட்டுகிற புழுவுக்குச் சாம்பல் என்ன செய்யும்? அம்மாக்கண்ணு நம்பினாள். சட்டியை எடுத்துக்கொண்டு லயம் முழுக்க வீடு வீடாக ஏறி அடுப்புச் சாம்பல் கேட்டு வாங்கினாள். விடியற்காலையில் குனிய முடியாத இடுப்போடு குனிந்து, இலை இலையாகத் தூவினாள். செல்லசாமி தன் பாத்தியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். வாத்தியார் சொன்ன விதிகளில் ஒன்று உடைந்து போனது. உயிரைக் கொல்லாமல் இருக்கப் போய்ப் பொய் சொல்லியாயிற்று. எது பெரிய பாவம் என்று யாரிடமும் கேட்கவும் முடியாது.

அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம். மறுநாள் காலை கடைசித் தடவையாக என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வரப்பில் நின்று கவிழ்க்கும்போது, பேச்சியம்மா வீட்டுக் கதவு கிரீச்சென்றது. பதறியதில் டின் கையிலிருந்து நழுவிச் சரிவில் உருண்டது. எடுக்க நிற்கவில்லை, ஓடினான். சாயந்திரம் தேடிப் பார்த்தபோது டின்னைக் காணவில்லை. கான் தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். மனுஷன் தனக்கு வேண்டியதைத்தானே நினைத்துக்கொள்கிறான்.

அதற்கப்புறம் சிரட்டையில் பொறுக்கி ஆற்றோரத்துக்கே கொண்டு போனான். காலம் கடந்துவிட்டது. அம்மாக்கண்ணு பாத்தியில் போய் விழுந்தவை தின்று, கொழுத்து, கூடு கட்டி, வண்ணத்துப்பூச்சியாகி வெள்ளை வெள்ளையாகப் பறந்துகொண்டிருந்தன. இலைகளில் நரம்புதான் மிச்சம்.

கூத்து முடிய இரண்டு நாள் இருக்கையில் கணக்கப்பிள்ளை சிவசாமி பாத்திகளைப் பார்வையிட வந்தார். அம்மாக்கண்ணுவின் பாத்தி ஓரம் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"என்னா இது, புழுப் பண்ணை வச்சிருக்கியா? தொர பாத்தா என் தலைய எடுத்துருவாரு. காமன் எரிச்ச கையோட ஆள் அனுப்புறேன். எல்லாத்தையும் கொத்தி மூடிற வேண்டியதுதான்." திரும்பிச் செல்லசாமியைப் பார்த்ததும் அவர் குரல் குழைந்தது. "பாத்தின்னா இவம் பாத்தி. ஒரு புழு காட்டு பாப்போம். இந்த நாலு பாத்தியையும் நீயே எடுத்துக்கடா. புள்ள குட்டின்னு வரப் போவுதில்ல."

"எனக்கு வேணாங்க ஐயா."

"அட, சும்மா எடுத்துக்கங்கிறேன்."

அம்மாக்கண்ணு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, நரம்பாகிப் போன ஒரு கோவா இலையைத் தடவிக்கொண்டிருந்தாள். இப்போதே சொல்லிவிடு என்று செல்லசாமியின் நெஞ்சு அடித்துக்கொண்டது. விரதம் கெட்டவன் ரதி வேஷம் கட்டினான் என்று ஊர் பேசுமே, அந்தப் பேச்சு டயகம வரைக்கும் போகுமே, லெட்சுமி வயிற்றில் கை வைத்துக்கொண்டு அழுவாளே என்று இன்னொரு பக்கம் இழுத்தது. கணக்கப்பிள்ளை போய்விட்டார். அவனும் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போனான்.

மறுநாள் மத்தியானம் டயகமவிலிருந்து மச்சான் அழகன் வந்து சேர்ந்தான். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம் என்றான். லயமே வந்து செல்லசாமியின் கையைப் பிடித்துக்கொண்டது. "ரதி வெரதம்னா சும்மாவா? சுத்தமா இருந்தான், பலன் கெடச்சிருச்சு" என்றார்கள். செல்லசாமிக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் அழுகிறான் என்று அதற்கும் மெச்சினார்கள். தன் பிள்ளை பிழைக்க அந்தப் பொம்பளையின் சோற்றில் கை வைத்தோமே என்று அவன் அழுததை யார் கண்டார்கள்.

அன்று மாலை ரதி வேஷம் கட்டினார்கள். பச்சைச் சேலை, முகத்தில் அரிதாரம், தலையில் கிரீடம். தப்பு முன்னே போக, காமனும் ரதியும் லயம் லயமாக வந்தார்கள். வேஷம் ஏறிவிட்டால் அவன் செல்லசாமி இல்லை, ரதி. கிழவர்கள்கூடக் காலைத் தொடுவார்கள். ரதி பாடலாம், பேசக் கூடாது. வாசலில் நிற்பவர்களுக்குத் திருநீறு பூசிவிட்டுப் போக வேண்டும்.

பேச்சியம்மா வாசலில் அம்மாக்கண்ணு தட்டோடு நின்றாள். தட்டில் வெற்றிலை, சூடம், ஒரு கைப்பிடி அரிசி, நடுவில் ஓட்டை விழுந்த ஒரு சின்னக் கோவா. விளைந்ததில் தேறியது அது ஒன்றுதான் போலிருக்கிறது. சூடத்தைக் கொளுத்திக் காட்டினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து அவன் காலில் விழுந்தாள். பிறகு முகத்தை நிமிர்த்தி அவன் கண்ணையே பார்த்துப் பேசினாள்.

"தாயே, எம் பாத்தி போவப் போவுது. அது போனா இந்த வீட்டுல நான் சோத்துக்கு ஒக்காந்திருக்குறவளா ஆயிருவேன். ஒன்னால முடியும். எனக்கு அதக் காப்பாத்திக் குடு."

தப்புக்காரன் அடியை நிறுத்திக் காத்திருந்தான். செல்லசாமி அள்ளிப் பூசிய திருநீறு அவள் நெற்றியில் பாதியும் தரையில் பாதியுமாக விழுந்தது. ரதி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. நல்லவேளை, விதி இருக்கிறது என்று ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் பிற்பாடு அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. தப்பு மறுபடி முழங்க, ரதி அடுத்த வாசலுக்கு நகர்ந்தாள்.

விடியும்போது காமனை எரித்தார்கள். அந்த வருஷம் ரதி அழுத மாதிரி எந்த வருஷமும் அழுததில்லை என்று பிறகு வெகுகாலம் பேசிக்கொண்டார்கள். பாட்டு வரிகளே வெளியே வரவில்லையாம், வெறும் அழுகைதானாம். வாத்தியார் அவன் முதுகில் தட்டிக்கொடுத்துக் காப்பை அறுத்தார்.

அவன் முகத்தைக்கூடச் சரியாகக் கழுவாமல் நேராகப் பாத்திக்குப் போனான். கணக்கப்பிள்ளை அதற்குள் வந்துவிட்டார். பக்கத்தில் ஒருவன் மண்வெட்டியோடு நின்றான். கூத்துப் பார்த்துவிட்டுக் கண் சிவந்த சனம் சுற்றி நின்றது. அம்மாக்கண்ணு வரப்பில் உட்கார்ந்திருந்தாள்.

"கொத்து" என்றார் கணக்கப்பிள்ளை.

"ஐயா, நில்லுங்க." செல்லசாமி கானைத் தாண்டி வந்து மண்வெட்டிக்கு முன்னால் நின்றான். "இந்தப் புழுவெல்லாம் எம் புழுங்க. கொல்லக் கூடாதுன்னு எம் பாத்தியிலருந்து பொறுக்கி நான்தான் இங்க கொட்டினேன். கொத்துறதுன்னா எம் பாத்தியக் கொத்துங்க."

 கணக்கப்பிள்ளை வயிறு குலுங்கச் சிரித்தார்.

"என்னாடா இது, வேஷம் இன்னும் கலையலியா?"

"சத்தியமாங்க ஐயா. ஆத்தோரம் போகச் சோம்பல்பட்டு இங்க கவுத்தேன். சாம்பல்னு பொய் சொன்னேன்."

"பாரேன் மனுசன" என்றது கூட்டத்தில் ஒரு பெண்குரல். "அக்கா மேல எரக்கப்பட்டு பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்குறான்."

"வெரதம் இருந்தவன் அப்பிடிச் செய்வானா? ரதி எறங்கல போலருக்கு."

அவன் மறுபடி மறுபடி சொன்னான். சொல்லச் சொல்ல அவன் நல்லவனாகிக்கொண்டே போனான். ஒரு கிழவர் வந்து அவன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கடைசியில் கணக்கப்பிள்ளை கையை உயர்த்தினார்.

"சரிப்பா, ரதி வந்து கேட்டு இல்லேன்னு சொன்னேங்கிற பேரு எனக்கு வேணாம். அடுத்த பௌர்ணமிக்கு வருவேன். ரெண்டு பேருமாச் சேந்து பாத்தியச் சுத்தம் பண்ணி வைங்க."

மண்வெட்டிக்காரன் போனான், கூட்டமும் கலைந்தது. பாத்தி நின்றுவிட்டது. செல்லசாமிக்குக் கொஞ்சமும் பாரம் குறையவில்லை. உண்மையைச் சொல்லியும் ஊரே நம்பவில்லை என்றால் அந்த உண்மையை எங்கே கொண்டு போய்க் கொட்டுவது? அம்மாக்கண்ணுவின் பக்கத்தில் போய்க் குந்தினான்.

"அக்கா, நீங்களாச்சும் நம்புங்க. நான்தான் செஞ்சேன்."

"தெரியும்" என்றாள் அம்மாக்கண்ணு.

அவள் மடியிலிருந்து அந்தப் பால்டின்னை எடுத்து வரப்பில் வைத்தாள். சிவப்புச் சேலைக்கரைப் பிடி அப்படியே இருந்தது.

"உருண்டு வந்து எம் பாத்தியிலதான் கெடந்துச்சு. அன்னைக்கே பாத்துட்டேன்."

 "அப்ப ஏங்க்கா யார்கிட்டயும் சொல்லல?"

"லெட்சுமி வயித்துப் புள்ள. வெரதம் கெட்டுப் போச்சுன்னு ஊரே பேசுனா அந்தப் புள்ள காதுல விழாதா? மொதல்ல அது நல்லபடியாப் பெத்துப் பொழைக்கட்டும்னு இருந்தேன்."

"தெரிஞ்சிருந்துமா நேத்து எங் கால்ல விழுந்தீங்க?"

"ஒங் கால்ல நான் எங்க விழுந்தேன்?" அம்மாக்கண்ணு அவனைத் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை, சிரிப்புமில்லை. "செல்லசாமிகிட்ட ஏற்கெனவே வந்து கேட்டாச்சே. அவன் பொய் சொன்னான். அதான் ரதிகிட்ட கேட்டேன்."

அவன் தலையை நிமிர்த்தவில்லை. அரிதாரம் கரைந்த கன்னத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டு டின்னைக் கையில் எடுத்தான். உள்ளும் புறமும் துலக்கிப் பளபளவென்று இருந்தது. அம்மாக்கண்ணு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, முதல் கோவாவின் இலையைப் புரட்டினாள்.

"சாம்பல் போட்டு வெளக்குனேன்" என்றாள். "நீ சொன்ன சாம்பல் அதுக்காச்சும் ஆச்சு."